பதினொரு நாள் மேஜரை நான் எண்ணுவதில்லை

உட்காருங்கள் தம்பி. ஜன்னல் பக்கம் காற்று வரும். என் மனைவி, உங்கள் ஆச்சி, வீட்டில் இல்லை, விளக்கு பூஜைக்குப் போயிருக்கிறாள். அதனால் காபி நான் போட்டதுதான். குடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு நம் தமிழ்ச் சங்கத்தின் பொதுக்குழு. தலைவர் பதவிக்கு இந்த முறையாவது தேர்தல் வைப்பாரா, இல்லை வழக்கம்போல இந்த வைரவனே தொடர்வாரா, கேட்டுக்கொண்டு வா என்று செயலாளர் ஜெயசிங் உங்களை அனுப்பியிருக்கிறார். சரிதானே? சின்னப் பையன் இளம்பரிதி போனால் கிழவர் கோபப்பட மாட்டார் என்று கணக்குப் போட்டிருப்பார். கணக்கு சரிதான். எனக்குக் கோபம் இல்லை.

பதில் சொல்லாமல் அனுப்ப மாட்டேன். ஆனால் நீங்கள் செல்போன் கோபுரம் நட இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நான் வந்து முப்பத்து நான்கு வருடம். ஊரில் இருப்பவர்களுக்கு ஆப்பிரிக்கா என்றால் ஒரே நாடு. மேற்குக் கரையில் நம் ராமநாதபுரம் ஜில்லா இரண்டைச் சேர்த்த அளவில் இப்படி ஒரு தேசம் இருக்கிறது என்று என் சொந்தத் தம்பிக்கே இன்னும் தெரியாது. பதவி என்றால் என்ன என்று இந்தச் சின்ன நாடு எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதை முதலில் கேளுங்கள். என் பதில் தானாகப் புரியும்.

வெள்ளைக்காரன் போன பிறகு இந்த நாட்டை ஆண்டவர்கள் ஆறு பேர். ஏழு என்று சிலர் சொல்வார்கள். பதினொரு நாள் இருந்த அந்த மேஜரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். நான் சேர்ப்பதில்லை. அவர் படம் எந்த அலுவலகச் சுவரிலும் ஏறவில்லை. சுவரில் ஏறாதவரை எப்படி எண்ணுவது? ஆறு பேர்தான்.

பெயர் சொல்ல மாட்டேன். பழக்கம் அப்படி. நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு சிந்திக்கார சேட்டின் ஜவுளிக்கடையில். கடைப் பெண்களுக்கு இங்கிலீஷ் தெரியும். இந்திப் படம் பார்த்துப் பார்த்து இந்தியும் தெரியும். ஆட்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றால் தமிழில்தான் பேச வேண்டும், அதிலும் பெயர் வந்தால் மாட்டிக்கொள்வோம். அதனால் நாங்கள் நான்கு தமிழர்கள் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் வைத்தோம். முதலாமவர் வாத்தியார். அடுத்தவர் பெரிய தொப்பி. பிறகு பல் டாக்டர். பிறகு சின்னத் தொப்பி. பிறகு கணக்குப்பிள்ளை. இப்போது இருப்பவருக்கு இன்னும் பட்டம் வைக்கவில்லை. அவர் போகட்டும், வைக்கலாம்.

வாத்தியார் என் காலத்துக்கு முந்தியவர். சேட் சொல்லிக் கேட்டதுதான். சுதந்திரம் வாங்கிக் கொடுத்தவர், உண்மையிலேயே பள்ளிக்கூட வாத்தியார். மந்திரிகள் கொண்டுவரும் கோப்பில் எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவாராம். நல்ல மனிதர். பதினாறு வருடம் நன்றாக ஆண்டுவிட்டு, ஆயுள் முழுவதும் நான்தான் என்று ஒரு சட்டம் போட்டார். அடுத்த வருடமே பெரிய தொப்பி வந்துவிட்டார். சட்டம் போடாமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பார் என்று சேட் சொல்வார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இருப்பவன் இருக்க வேண்டும், எழுதிக் காட்டக் கூடாது.

பெரிய தொப்பி ஜெனரல். ஆறே மாதம், பிறகு முகாமுக்குத் திரும்பிவிடுவேன் என்று ரேடியோவில் சொன்னார். பதினான்கு வருடம் ஆனது. சிரிக்கிறீர்கள். நீங்கள் என்ன நினைத்துச் சிரிக்கிறீர்கள் என்றும் தெரியும். வைரவன் பத்தொன்பது வருடமாகத் தலைவர், அதைத்தானே? அது தப்பு. முதல் இரண்டு வருடம் நான் தற்காலிகத் தலைவர். பதினேழுதான்.

இருங்கள், முகத்துணி கதையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்த நாட்டு அரசியல் தெரியாது.

சுதந்திர தினம் வந்தால் இங்கே ஆட்சியில் இருப்பவரின் முகம் அச்சடித்த துணி உடுத்த வேண்டும். வட்டத்துக்குள் முகம், சுற்றிலும் நெற்கதிர், கீழே வருடம். அரசாங்க ஊழியர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்காரப் பெண்கள், எல்லாரும். எங்கள் கடைக்கு அதுதான் தீபாவளி மாதிரி. ஆனால் துணி அச்சாவது கடல் கடந்து. மாதிரி அனுப்பி, நிறம் பார்த்து, கப்பல் ஏறி வந்து சேர ஐந்து மாதம். இந்த ஐந்து மாதம் அவர் ஆட்சியில் இருந்தாக வேண்டும். மற்றவர்களுக்கு நாட்டின் எதிர்காலம் கவலை. எனக்கு அந்த ஐந்து மாதம்தான் கவலை.

தையலிலும் சங்கடம் உண்டு. கவனிக்காமல் வெட்டினால் தலைவரின் முகம் பாவாடையின் பின்பக்கம், உட்காரும் இடத்தில் வந்துவிடும். பெரிய தொப்பி காலத்தில் அப்படித் தைத்த ஒரு தையல்காரன் மூன்று நாள் காவல் நிலையத்தில் இருந்தான். அதனால் முகத்துக்கும் முகத்துக்கும் எவ்வளவு இடைவெளி இருந்தால் முகம் இடுப்புக்கு மேலேயே நிற்கும் என்று நானே அளந்து பார்த்து அச்சகத்துக்கு எழுதினேன். கடையில் எஸ்தர் என்று ஒரு விற்பனைப் பெண் இருந்தாள், வாய்க்காரி. "மிஸ்டர் வைரா, நீ என்னதான் அளந்தாலும் பெண்கள் சைஸ் ஆளுக்கு ஆள் வேறு. தலைவர் எங்கே உட்கார வேண்டுமோ அங்கேதான் உட்காருவார்" என்பாள். நான் காது கேட்காத மாதிரி இருப்பேன். பெண்களிடம் அந்த விஷயம் எல்லாம் எனக்குப் பேச வராது.

போனையே பார்க்கிறீர்களே. வீட்டில் தேடுகிறார்களா? சரி, சரி, முடித்துவிடுகிறேன்.

பெரிய தொப்பி தூக்கத்திலேயே இறந்துபோனார். மேஜர் வந்தார், பதினொரு நாள், விடுங்கள். பிறகு தேர்தல் வைத்துப் பல் டாக்டர் வந்தார். இந்த நாட்டில் அவர் பிடுங்காத பல் இல்லை என்பார்கள். சிரித்த முகம். முகத்துணியில் முதல்முறையாகப் பல் தெரிந்தது. துறைமுகத்தில் சரக்கு இறங்கியது ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை காலையில் ரேடியோவில் பாண்டு வாத்தியம். பாண்டு வாசித்தாலே ராணுவம் பிடித்துவிட்டது என்று தெரிந்துவிடும். சின்னத் தொப்பி வந்துவிட்டார்.

கடை நிறையப் பல் டாக்டர். மூட்டை மூட்டையாகச் சிரிக்கிறார். வெளியே சிப்பாய்கள். சேட் அன்றைக்கே லண்டன் போய்விட்டார், சாவி என் கையில். என்ன செய்வேன் என்கிறீர்கள்? சாயம் போடுகிற பெண்களைக் கூட்டி வந்து பின்கட்டில் அண்டா ஏற்றி, ஒட்டுமொத்தத்தையும் கறுப்பில் முக்கி எடுத்தேன். இழவு வீட்டுக்குக் கறுப்பு உடுத்துவது இங்கே வழக்கம். அந்த வருடம் சாவுக்குக் குறைவில்லை. விற்றது.

நான்கு வருடம் கழித்து, மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பல் டாக்டரே கடைக்கு வந்தார். வீட்டுக்காவலில் இருந்து அப்போதுதான் விட்டிருந்தார்கள். குடையை அவரே பிடித்திருந்தார். அவரே மடக்கினார். மடக்க வரவில்லை. கடையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும், தெரியாத மாதிரித் துணி மடித்தார்கள். எஸ்தர்கூட மடித்தாள்.

"கறுப்பு ஆறு கெஜம். அக்கா இறந்துவிட்டாள்" என்றார்.

கறுப்பு என்றால் கடையில் அதுதான் மிச்சம். எடுத்துக் கொடுத்தேன். அவர் வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தால் முகம் தெரியும் தம்பி. எவ்வளவு முக்கினாலும் அச்சு போகவில்லை. அவர் துணியை இன்னும் உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். "என் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிகிறதே, அச்சு நல்ல அச்சு" என்றார். பேரம் பேசினார். சாதாரணமாக எல்லாரும் பேசுகிற மாதிரி. குறைத்துக் கொடுத்தேன்.

மழை விடும் வரை நின்றார். நின்றபடியே ஒன்று சொன்னார். "மிஸ்டர், பதவியில் இருந்தபோது நான் ஒரு ஜோக் சொல்வேன். அமைச்சரவையே விழுந்து விழுந்து சிரிக்கும். வீட்டுக்காவலில் அதே ஜோக்கைக் காவலுக்கு இருந்த சிப்பாயிடம் சொன்னேன். அவன் பேசாமல் நின்றான். இன்னொரு முறை சொன்னேன். புரிகிறது ஐயா என்றான். அப்போதுதான் தெரிந்தது, அது நல்ல ஜோக் இல்லை."

பாவம். அந்த நிலைமை யாருக்கும் வரக் கூடாது. என் பொங்கல் உரையில் அந்தக் கரும்பும் மருமகனும் ஜோக் வருகிறதல்லவா, அதற்கு வருடா வருடம் எல்லாரும் சிரிக்கிறார்கள். போன ஜனவரியில் நீங்களும் சிரித்தீர்கள், மூன்றாவது வரிசையில் இருந்து பார்த்தேன். ஏனென்றால் அது நல்ல ஜோக்.

சின்னத் தொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டவர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒருவர் எதிர்த்து நிற்பார் என்று தெரிந்ததும், தாத்தா பாட்டி நால்வரும் இந்த மண்ணில் பிறந்திருந்தால்தான் தேர்தலில் நிற்கலாம் என்றார். அந்தக் காலத்தில் யாருக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது? அவருக்கு மட்டும் நான்கு பேருக்கும் இருந்தது, எல்லாம் ஒரே கையெழுத்து. அக்கிரமம் இல்லையா?

நம் சங்க விதி வேறு. இந்த நாட்டில் இருபத்தைந்து வருடம் தொடர்ந்து வாழ்ந்தவர்தான் தலைவராகலாம் என்று ஆறு வருடம் முன்னால் ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். அது யாரையும் தடுக்க இல்லை. அனுபவத்துக்காக. யார் யாருக்குத் தகுதி இருக்கிறது என்று அன்றைக்கே எண்ணிவிட்டேன். மூன்று பேர். நான், மரைக்காயர் பாய், வேங்கடபதி. மரைக்காயர் பாய்க்குக் காது கேட்காது. வேங்கடபதி கனடாவுக்குப் போய்விட்டார். நான் என்ன செய்ய முடியும்?

அப்புறம் அந்தக் காலண்டர். ஜெயசிங் பேசியது என் காதுக்கு வந்தது. சங்கக் காலண்டரில் பிள்ளையார் வருடா வருடம் சின்னதாகிக்கொண்டே போகிறாராம். பழைய காலண்டர்களை எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பிள்ளையார் அப்படியே இருக்கிறார். என் படம்தான் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. விஷயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டாமா?

இந்த ஆறு பேரில் எனக்குப் புரியாதவர் கணக்குப்பிள்ளைதான். வெளிநாட்டு வங்கியில் இருந்து வந்தவர். ஐந்து வருடம் ஆண்டார். தேர்தலில் தோற்றார். ஜெயித்தவருக்கு அவரே போன் செய்து வாழ்த்துச் சொன்னார். மறுநாள் போய்விட்டார்! சண்டை இல்லை, பாண்டு வாத்தியம் இல்லை. ஊரே வாயைப் பிளந்தது. சந்தையில் பெண்கள், பாவி மனுஷன் ஒரு தடவையாவது மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று பேசிக்கொண்டார்கள். இரண்டாவது தடவையும் அவர்தான் என்று நம்பி அப்போது நான் முகத்துணிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அது தனி வயிற்றெரிச்சல். ஆனால் அவர் போனதில் என்ன பெரிய தியாகம்? அவருக்கு வேறு வேலை இருந்தது. பேரனைப் பார்த்துக்கொள்கிறார், புத்தகம் எழுதுகிறார், எங்கேயோ பாடம் நடத்துகிறார்.

எனக்கு என்ன இருக்கிறது தம்பி?

பிறகு சேட்டிடம் நானே வாங்கிக்கொண்ட கடையைச் சீனாக்காரரிடம் விற்று நான்கு வருடம் ஆகிவிட்டது. மகன் ஆஸ்திரேலியாவில். காலையில் எழுந்தால் இந்தப் போன்தான். ஒருவருக்குப் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது, ஒரு பையனுக்குக் கம்பெனி சம்பளம் தரவில்லை, ஒருவர் இறந்துவிட்டார், ஊருக்கு அனுப்ப வேண்டும். தலைவர் ஐயா, தலைவர் ஐயா என்று கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்க்கிறேன், அலைகிறேன், முடித்துக் கொடுக்கிறேன். ஒன்றையும் விட்டதில்லை. நாளைக்குத் தலைவர் இல்லை என்றால் யாருக்குப் போன் அடிப்பார்கள்? இந்தப் போன் எதற்கு? அதைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று ஜெயசிங் சொன்னாரா?

மலேரியா என்றால் ரசமும் கஞ்சியும் ஆச்சி கொடுத்தனுப்புவாள். பிரசவம் என்றால் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவாள். உங்களுக்கும் வந்தபோது கொடுத்தனுப்பினாள் அல்லவா? அது சங்க வேலையில் வராது, வீட்டு விஷயம். பொங்கல் உரை எழுதும்போது யார் வீட்டில் குழந்தை பிறந்தது, என்ன பெயர் வைத்தார்கள் என்று அவளிடம்தான் கேட்டு எழுதிக்கொள்வேன். பெயர் எல்லாம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி சின்ன விஷயங்கள் அவளுக்கு வரும்.

இன்றைக்குப் பாருங்கள், விளக்கு பூஜை. மூன்று கார் வந்து நின்றது, ஜெயசிங்கே வந்து கதவைத் திறந்துவிட்டார். ஆச்சி பட்டுப் புடவை கட்டியிருந்தாள். நம் கொட்டகையில் இருக்கிற சங்க நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். விளக்கு பூஜையில் பெண்கள் தரையில்தானே உட்காருவார்கள், இத்தனை நாற்காலி எதற்கு என்று கேட்டேன். "முட்டி வலிக்கிறவங்க இருக்காங்க ஐயா" என்றார். நூற்று இருபது பேருக்கா முட்டி வலி? சரி, எண்ணித்தான் கொடுத்தேன். புறப்படும்போது ஆச்சி திரும்பிப் பார்த்து, "நீங்க வீட்லயே இருங்க. அந்தப் புள்ள பரிதி வரும், பேசிக்கிட்டு இருங்க" என்றாள். நீங்கள் வரப்போவது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும்.

சரி, என் பதில். கேட்டுக்கொள்ளுங்கள். நாளைய பொதுக்குழுவில் தேர்தல் வைக்கலாம் என்றுதான் எனக்கும் எண்ணம். ஆனால் இந்த வருடம் சூழ்நிலை சரியில்லை. மழைக்காலம். ஆறு மாதம் போகட்டும். ஆறே மாதம். அதற்குப் பிறகு நானே முன்னால் நின்று...

என்ன தம்பி? செய்தி வந்திருக்கிறதா? படியுங்கள், நான் நிறுத்துகிறேன்.

ஏன் முகம் இப்படிப் போகிறது? யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா?

முடிந்துவிட்டதா? எது முடிந்துவிட்டது?

பொதுக்குழு நாளைக்குத்தானே.

இன்றைக்கா? விளக்கு பூஜை என்ற பெயரிலா? எப்படிச் செல்லும்? தலைவர் இல்லாமல் எப்படிக் கூடலாம்? மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் ஒன்றாகக் கூடினால்... ஆமாம். கூடலாம். அந்த விதியை எழுதியவன் நான்தான்.

அப்படியென்றால் நீங்கள் கேட்டுப் போக வரவில்லை. என்னைப் பேச வைத்துக்கொண்டிருக்க வந்தீர்கள். தலையைக் குனியாதீர்கள். நன்றாகத்தான் செய்தீர்கள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டீர்களே. அதுவும் நான் ஓட்டியதுதான்.

சரி. யார்?

ஜெயசிங் என்றால் செல்லாது. அவர் வந்து பதினெட்டு வருடம்தான் ஆகிறது, இப்போதே எழுதித் தருகிறேன். அவர் இல்லையா? மரைக்காயர் பாயா? மனிதருக்கு மைக் வேலை செய்கிறதா இல்லையா என்றே... அவரும் இல்லையா? பிறகு யார்தான் இருக்கிறார்கள்? இருபத்தைந்து வருடம் ஆனவர்கள் மூன்று பேர். நான் எண்ணியிருக்கிறேன்.

யார்?

இன்னொரு முறை சொல்லுங்கள்.

அழகம்மை ஆச்சி.

அவள் எனக்கு அடுத்த வருடம் வந்தாள். மார்ச் மாதம். கப்பல் சரக்கு வந்த அன்றைக்குத்தான் அவளுக்கும் விமானம், நான் துறைமுகத்துக்குப் போய்விட்டேன். வாடகைக் கார் பிடித்துத் தனியாகவே வீடு வந்து சேர்ந்தாள். முப்பத்து மூன்று வருடம் ஆகிறது.

அப்போது மூன்று பேர் இல்லை. நான்கு பேர்.

எத்தனை ஓட்டு? எல்லாருமா? எதிர்த்து ஒன்றுகூட இல்லையா? எனக்கு எப்போதும் கைதான் தட்டினார்கள். ஓட்டு என்று ஒருவரும் போட்டதில்லை.

பேசினாளா? மேடையில் ஏறியா? எவ்வளவு நேரம்? ‘எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க, பிள்ளைகளுக்குக் காரம் இல்லாம தனியா வச்சிருக்கு.’ அவ்வளவுதானா? நாற்பது நிமிடம் பேச வேண்டிய இடம் தம்பி அது. அதற்கா கை தட்டினார்கள்? எழுந்து நின்றா?

ம்.

இருங்கள், ஓடாதீர்கள். இந்த நாட்டில் ஆட்சி மாறுகிற அன்றைக்கு யாரும் வெளியே போகக் கூடாது. விளையாட்டுக்குச் சொல்கிறேன். சிரிக்கலாம். சிரிப்பு வரவில்லையா? பரவாயில்லை. இனிமேல் வராதுதான்.

வாசலில் கார் நிற்கிறது. அவர்கள்தான். வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டாம், கேட்டை நானே திறக்கிறேன். என் சட்டைக் காலர் சரியாக இருக்கிறதா? பின்னால் மடிந்திருக்கிறதா? நன்றி.

என்ன இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள்? எழுந்திருங்கள் தம்பி. தலைவர் வருகிறார்.